குடும்பங்களே பணம் போட்டுப் போர் நினைவுச்சின்னம் எழுப்புவது எப்படி? குவாசுலு-நட்டால் தமிழர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"எங்கள் தாத்தா போருக்குப் போனார், திரும்பி வரவில்லை. ஊரில் அவர் பெயர் எங்கும் இல்லை. சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒரு கல் வைக்கலாமா?" டர்பன், வெருலம், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. தாராளமாக வைக்கலாம். ஆனால் முதல் கூட்டம் முடிந்த மறுநாளே கல்லுக்கு விலை கேட்கப் போய்விடாதீர்கள். தடுமாறிய குழுக்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறின. பெயர் முதலில், இடம் அடுத்து, அனுமதி அதற்கடுத்து, பிறகு பணம், எல்லாவற்றுக்கும் பின்னால் கல். வரிசை மாறினால் என்ன கெடும் என்பதை அந்தந்தப் படியிலேயே சொல்கிறேன்.

தொடங்கும் முன் மூன்று பேர் கையில் இருக்க வேண்டும். பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய ஒருவர், தமிழைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருவர், கணக்கில் கறாரான ஒருவர். தலைவர் பதவிக்கு ஆள் தேடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த மூவர் இல்லாமல் கூட்டம் மட்டும் நடக்கும், வேலை நடக்காது.

1. யாருக்காக என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்

எந்தெந்தப் போர்கள், எந்த ஊர்க்காரர்கள், எப்படி இறந்தவர்கள் என்பதைப் பணம் சேரும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பணம் கொடுத்த பிறகு ஒரு குடும்பத்திடம் "உங்கள் பெரியப்பா இதில் சேரமாட்டார்" என்று சொல்ல நேர்ந்தால் அந்த மனக்கசப்பு ஆறாது.

முதல் தகராறு எப்போதும் ஒன்றுதான்: ஆயுதம் ஏந்தாதவர் போர்வீரரா? இரண்டாம் உலகப் போரில் நம் ஆட்கள் சேர்ந்தது பெரும்பாலும் இந்திய மலாய் படைப்பிரிவில். அவர்களுக்குத் துப்பாக்கி கொடுக்கப்படவில்லை. லாரி ஓட்டினார்கள், காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். அதற்கு முன் 1899-1900இல், போயர் போரின்போது, நட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் போன சுமார் 1,100 பேரில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். இவர்களை விட்டுவிட்டு நாம் ஒரு நினைவுச்சின்னம் வைத்தால் அதில் எழுதப் பெயரே மிஞ்சாது. குண்டு ஆள் பார்த்து விழவில்லை. தயங்காமல் சேருங்கள்.

இரண்டாவது தகராறு இறப்பின் காரணம். இதற்கு, இரு உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் படையினரின் கல்லறைகளையும் பெயர்ப் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் விதியை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. படைப் பணியில் இருக்கும்போது இறந்தவர் நோயால் இறந்தாலும் விபத்தில் இறந்தாலும் அவர்கள் கணக்கில் வருவார். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை என்பது அவர்களுடைய கால எல்லை. ஊர் திரும்பி, பழைய காயத்தால் 1950இல் இறந்தவரை ஆணையம் ஏற்காது. நீங்கள் ஏற்கலாம். ஆனால் அதை இப்போதே எழுதி வையுங்கள், ஒரு குடும்பத்துக்கு மட்டும் சலுகையாகத் தெரியக் கூடாது.

2. பெயர்களுக்குச் சான்று சேர்க்கும் வேலை

மொத்த உழைப்பில் பாதி இதுதான். அவசரப்பட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஆயா உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் உட்காருங்கள், கம்ப்யூட்டர் பிறகு. அலமாரியில் பதக்கம் இருந்தால் அதன் முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்காகத் தென்னாப்பிரிக்கா வழங்கிய வட்டப் பதக்கங்களின் விளிம்பிலும் நட்சத்திரப் பதக்கங்களின் பின்புறத்திலும் படை எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய எழுத்து. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பல வீடுகளில் தீபாவளிக்குத் தீபாவளி பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்தே அந்த எழுத்தை அழித்துவிட்டார்கள். இனிமேலாவது தேய்க்காதீர்கள்.

படை எண் கிடைத்துவிட்டால் பாதி வழி கடந்த மாதிரி. பெயர் மாறும், எண் மாறாது. நம் பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தாக்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராக மாறியிருக்கும், குடும்பப் பெயர் விடுபட்டிருக்கும். ஊதியப் பதிவில் 'சின்னசாமி', மரண அறிவிப்பில் 'சாமி நாயுடு', வீட்டில் 'பெரியண்ணன்' என்று மூன்றும் ஒரே மனிதராக இருக்கலாம். அதே வகையில், ஒரே 'எம். பிள்ளை' என்ற பெயருக்குள் இரண்டு மூன்று மனிதர்களும் இருக்கலாம். பெயர் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் எவரையும் உங்கள் தாத்தா என்று முடிவு செய்யாதீர்கள்.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் தேடும்போது முழுப்பெயரைப் போடுவது பொதுவான தவறு. எழுத்துக்கூட்டு ஒன்று மாறினாலும் ஒன்றும் வராது. முதல் மூன்று நான்கு எழுத்து, தென்னாப்பிரிக்கப் படை, இறந்த ஆண்டு என்று வலையை அகலமாக விரித்துவிட்டுப் பிறகு குறுக்குங்கள். வந்த பதிவுகளில் கூடுதல் விவர வரியைப் படியுங்கள். 'இன்னாரின் மகன், டர்பன், நட்டால்' என்ற அந்த ஒரு வரிதான் பல நேரம் ஆளை அடையாளம் காட்டும். வட ஆப்பிரிக்காவில் இறந்து கல்லறை தெரியாதவர்களின் பெயர்களை எகிப்தில் உள்ள அலமைன் நினைவகப் பட்டியலில் பாருங்கள். 1942 ஜூன் 21 அன்று லிபியாவின் டோப்ருக் நகரம் எதிரிகளிடம் விழுந்தபோது பிடிபட்டவர்கள் கைதிகளாக இருந்த நாடுகளின் கல்லறைகளில் இருக்கலாம். தன்னார்வலர்கள் நடத்தும் தென்னாப்பிரிக்கப் போர்க்கல்லறைத் திட்டத்தில் கல்லறைகளின் புகைப்படங்களும் கிடைக்கின்றன.

அடுத்து காகிதம். படைப்பணிக் கோப்புக்கு பிரிட்டோரியா பக்கம் உள்ள பாதுகாப்புத் துறை ஆவணக் காப்பகத்துக்குப் படை எண்ணோடு எழுதுங்கள். குடும்ப விவரத்துக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவரின் சொத்துக் கோப்பைத் தேடுங்கள். சொத்தே இல்லாதவருக்கு ஏது கோப்பு என்று விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் சம்பளப் பாக்கி இருந்தாலும் கோப்பு திறந்திருப்பார்கள். அதில் இருக்கும் மரண அறிவிப்புப் படிவத்தில் தாய் தந்தை பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் இருக்கும். கீழே கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகையோ ஒரு பெருக்கல் குறியோ இருக்கலாம். அதை வைத்தவர் பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பாட்டிதான். அந்தப் பக்கத்தைக் கட்டாயம் நகல் எடுங்கள்.

ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் மகனோ பேரனோ என்றால் கப்பல் பதிவுகளும் உதவும். 1860க்கும் 1911க்கும் இடையில் நட்டாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கு ஓர் எண், தகப்பன் பெயர், கிராமம், ஜில்லா என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் ஏற்றுங்கள். ஆளுக்கு ஒரு வரி: பதிவில் உள்ள பெயர், வீட்டில் வழங்கிய பெயர், படை எண், பிரிவு, இறந்த தேதி, கல்லறை அல்லது நினைவகம், சான்றின் நகல் எண், உறுதி செய்த உறவினர். நாங்கள் பின்பற்றும் விதி, அரசு தரப்பில் ஒரு காகிதம், குடும்பத் தரப்பில் ஒரு சாட்சி. இரண்டும் இருந்தால்தான் கல்லுக்குப் போகும். ஒன்று மட்டும் இருந்தால் காத்திருப்புப் பட்டியல். தூக்கி எறிய வேண்டாம், ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.

3. விடுபட்ட பெயரை ஆணையத்துக்கும் அனுப்புங்கள்

உங்கள் தாத்தா படைப் பணியில் இறந்தது நிரூபணமாகி, ஆணையத்தின் பட்டியலில் இல்லை என்றால், அதே சான்றுகளோடு அவர்களுக்கு விண்ணப்பியுங்கள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏராளமானவர்களை முறையாக நினைவுகூரத் தவறியதை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் உழைப்புப் பிரிவுகளில் இறந்த 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்களின் பெயர்கள் 2025 ஜனவரியில்தான் கேப் டவுனில் நினைவுச்சின்னமாக எழுந்தன. நூறு ஆண்டு தாமதம்! ஆனாலும் எழுந்தன. உங்கள் கல் ஊருக்குள் ஒரு மூலையில் இருக்கும், ஆணையத்தின் பதிவு உலகத்தில் எங்கிருந்தும் தேடக் கிடைக்கும். இரண்டும் வேண்டும்.

4. இடம்

கோயில் வளாகம், மண்டபம், நகராட்சிப் பூங்கா, கல்லறைத் தோட்டம் என்று நாலு வழி உண்டு. கோயில் நிலம் எளிதில் கிடைக்கும். ஆனால் இறந்தவர்களில் கிறிஸ்தவர், முஸ்லிம் இருந்தால் அவர்கள் வீட்டார் அங்கே வருவார்களா என்று முதலில் கேளுங்கள். கேட்காமலே "வருவார்கள்" என்று நினைத்துக்கொள்வது நம்மிடம் இருக்கும் கெட்ட பழக்கம்.

தனியார் அல்லது அறக்கட்டளை நிலம் என்றால் நிலப் பத்திரத்தின் நகலையும் அறங்காவலர்களின் எழுத்துத் தீர்மானத்தையும் வாங்குங்கள். நகராட்சி நிலம் என்றால் வட்டார உறுப்பினர் கைகுலுக்கிச் சரி என்று சொன்னது அனுமதி ஆகாது. தேர்தலுக்குப் பிறகு அவர் இருக்க மாட்டார். எழுத்தில், துறையின் தலைப்புத் தாளில் வர வேண்டும்.

உண்மையான கல்லறையின் மேலேயே புதுக் கல் வைக்க நினைக்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம், 36ஆம் பிரிவு, போரில் இறந்தோரின் கல்லறையை அனுமதியின்றி மாற்றுவதையும் நகர்த்துவதையும் தடை செய்கிறது. சொந்தத் தாத்தாவின் கல்லறை ஆனாலும் இதே சட்டம்தான்.

5. அனுமதி, குறிப்பாக 37ஆம் பிரிவு

இந்த ஒரு பகுதிக்காகத்தான் வரிசையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். அரசு நிலத்தில் நிற்கும் நினைவுச்சின்னமும், பொதுச் சந்தாவில் கட்டித் தனியார் நிலத்தில் நிற்கும் நினைவுச்சின்னமும் அதே தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தின் கண்ணில் பொது நினைவுச்சின்னங்கள். 37ஆம் பிரிவு அவற்றைப் பற்றியதுதான். தனி அறிவிப்பு எதுவும் தேவையில்லை. பாரம்பரியப் பதிவேட்டில் ஏறிய இடத்துக்குரிய பாதுகாப்பு அதற்குக் கிடைத்துவிடும்.

அது நல்லதுதான், நாளைக்கு யாரும் இடிக்க முடியாது. ஆனால் நீங்களும் நினைத்தபடி தொட முடியாது. திறப்பு விழா முடிந்து ஒரு மாதத்தில் இன்னொரு குடும்பம் சான்றோடு வந்து நின்றால், உளியை எடுத்துப் பெயரைச் சேர்த்துவிட முடியாது. அதற்கும் விண்ணப்பம், காத்திருப்பு.

ஆகவே வரைபடத்திலேயே ஒரு பலகையை வெறுமையாக விடுங்கள். 'பின்னர் உறுதியாகும் பெயர்களுக்கு' என்று வரைபடத்திலும் விண்ணப்பத்திலும் குறிப்பிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அதுதான் இடம். குவாசுலு-நட்டாலில் இந்த விஷயங்களுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள, மாகாணத்தின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான அமாஃபா நிறுவனத்தை அணுக வேண்டும். கட்டும் முன்பே வரைபடத்தோடு போய்ப் பேசுங்கள். பழைய கட்டடத்தின் சுவரில் பலகை பதிக்கத் திட்டமிட்டால் அந்தக் கட்டடத்தின் வயதையும் சொல்லுங்கள். 60 ஆண்டைத் தாண்டிய கட்டடத்தை மாற்ற 34ஆம் பிரிவின்படி தனி அனுமதி வேண்டும்.

நகராட்சியின் கட்டடப் பிரிவை மறக்காதீர்கள். 1.8 மீட்டருக்கு மேற்படாத தனிச் சுவர் சிறு வேலைக் கணக்கில் வரும். அதற்கும் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதல் தேவை.

6. பணம்

குழுவுக்கு ஒரு சட்ட விதித்தொகுப்பு எழுதி, 1997ஆம் ஆண்டின் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி சமூக மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். பிறகு அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. ஒருவருடைய சொந்தக் கணக்கில் 'தற்காலிகமாக' பணம் சேர்ப்பதை எவ்வளவு நம்பிக்கையானவர் ஆனாலும் அனுமதிக்காதீர்கள். அவர் இறந்தால் அந்தப் பணம் அவருடைய சொத்துக் கணக்கில் போய்ச் சிக்கும்.

நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு என்று வருவாய்த் துறையின் ஒப்புதல் கையில் வரும் முன் யாரிடமும் சொல்லாதீர்கள்.

பணம் கொடுத்த குடும்பத்தின் பெயர் மட்டும்தான் கல்லில் வரும் என்று ஒருபோதும் விதி போடாதீர்கள். முதல் உலகப் போருக்குப் பின் கல்லறைக் கல்லில் குடும்பத்தார் ஒரு வரி பொறித்துக்கொள்ள ஆணையம் எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கேட்டது, அதிகபட்சம் 66 எழுத்து. ஏழைக்கு ஒரு நீதி, பணக்காரனுக்கு ஒரு நீதியா என்று நியூசிலாந்து அந்த வரியே வேண்டாம் என்று மறுத்துவிட்டது. நம் ஊரில் செத்துப்போன லாரி டிரைவரின் பேத்தி இன்று வாடகை கொடுக்கவே திணறலாம். அவள் தாத்தாவின் பெயரும் அதே உயரத்தில், அதே அளவு எழுத்தில் நிற்க வேண்டும். நன்கொடையாளர் பட்டியலை அச்சிட்ட சிறு நூலில் போடுங்கள், அதுவும் அவர்களுடைய சம்மதத்தோடு. கல்லில் வேண்டாம்.

7. வாசகமும் தமிழ் எழுத்தும்

வாசகத்தைச் சுருக்கமாக வையுங்கள். 'போர்க்களத்தில் வீரமரணம் அடைந்தனர்' என்று எழுத எல்லோருக்கும் ஆசை. பட்டியலைப் பாருங்கள். மருத்துவமனையில் காய்ச்சலில் இறந்தவரும் கைதி முகாமில் இறந்தவரும் இருப்பார்கள். 'போர்ப் பணியில் உயிர் நீத்தனர்' என்றால் எல்லோரையும் தழுவும், பொய்யும் ஆகாது.

ஆங்கிலத்தில் பெயரைப் படைப் பதிவில் உள்ள எழுத்துக்கூட்டிலேயே வெட்டுங்கள். நாளைக்குத் தேடுகிறவர் பதிவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பக்கத்தில் தமிழில் வீட்டார் வழங்கிய பெயர். நாயுடு, ரெட்டி வீட்டார் தெலுங்கில் கேட்கலாம், இஸ்லாமியக் குடும்பங்கள் உருதுவில் கேட்கலாம். கேட்டு எழுதுங்கள். சுலு மொழியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். இது என்ன கல் என்று அக்கம்பக்கத்தார் புரிந்துகொண்டால்தான் அவர்களும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். பதவி வரிசை வேண்டாம், அகர வரிசை போதும்.

இனி, குழுக்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். இங்குள்ள கல்வெட்டுக் கடைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அரிது. நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய எழுத்தை அவர்களுடைய வெட்டும் மென்பொருளில் ஒட்டினால், ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'பொ' என்பது மூன்று துண்டாகப் பிரியும், புள்ளி எழுத்தின் தலையை விட்டு விலகி அடுத்த எழுத்தின் மேல் உட்காரும். கடைக்காரருக்கு அது பிழை என்றே தெரியாது. அவர் அப்படியே வெட்டிவிடுவார்.

அதனால் எழுத்தாக அனுப்பாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அப்போது அது கடையின் மென்பொருளுக்கு வெறும் படம், கலைக்க முடியாது. முதலில் உடைந்த கல் துண்டு ஒன்றில் 'பொன்னுசாமி', 'கிருஷ்ணன்' என்ற இரண்டு பெயரை மட்டும் வெட்டித் தரச் சொல்லுங்கள். கொம்பு, புள்ளி, ஷகரம், மூன்று சுழி ணகரம் எல்லாம் இந்த இரண்டில் அடங்கிவிடும். எழுத்து சிறிதாக இருந்தால் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழியாகிவிடும். ஒட்டினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், பெயருக்கு இடம் போதவில்லை என்றால் கல்லைப் பெரிதாக்குங்கள்.

பிறகு முழு அளவில் காகிதத்தில் அச்சிட்டு மண்டபச் சுவரில் ஒட்டி, எல்லாக் குடும்பங்களையும் வரவழையுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் பெயருக்கு நேராகக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து இல்லாத பெயர் வெட்டுக்குப் போகக் கூடாது.

8. கல்லும் அடித்தளமும்

வெண்கலப் பலகை வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் பழைய உலோகக் கடைக்கு எடைக்குப் போட இரவோடிரவாகப் பெயர்த்துக்கொண்டு போவது இந்த நாட்டில் அன்றாட நடப்பு. ஈய எழுத்தும் அதே கதிதான். கருங்கல்லில் ஆழமாக மணல் வீசி வெட்டிய எழுத்துக்குத் திருட்டு மதிப்பு இல்லை. கடற்கரைப் பக்கம் என்றால் கல்லைப் பிணைக்கும் கம்பியும் ஆணியும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு உப்புக் காற்றில் வீங்கிக் கல்லையே பிளக்கும்.

மூன்று கடைகளில் எழுத்து மூலம் விலை வாங்குங்கள். ஏற்றி இறக்கும் கூலி, கிரேன், அடித்தளம், 15 சதவீத வாட் வரி எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். கடை செய்த பிழையைக் கடை தன் செலவில் திருத்தும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முன்பணம் கொடுங்கள், முழுப்பணம் கொடுக்காதீர்கள். கடைசித் தவணை கல் நட்டு, பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகு.

அடித்தளத்தை ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களில் போடுங்கள். கான்கிரீட் முழு வலு பெற 28 நாள் விடுங்கள்.

9. திறப்பு நாள்

தேதியைக் கடைசியில் குறியுங்கள். நவம்பர் 11 போர் நினைவு நாள், நவம்பர் 16, முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் 1860இல் டர்பனில் கரை சேர்ந்த நாள். இரண்டும் பொருத்தம் என்று எல்லோரும் நவம்பரைப் பிடிப்பார்கள். அழைப்பிதழ் அச்சடித்துவிட்டால் பிறகு அவசரம்தான் முடிவெடுக்கும், பிழை உள்ள கல்லும் நின்றுவிடும். கல் வந்து, சரிபார்த்து, நட்ட பிறகு தேதி சொல்லுங்கள். ஆடி, புரட்டாசி பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விழாவில் பெயர்கள் முழுவதையும் படியுங்கள். பேச்சாளர்களைக் குறைத்தால் நேரம் கிடைக்கும்.

10. பராமரிப்பு

நம் மக்கள் கட்டாயம் விளக்கு ஏற்றுவார்கள், கற்பூரம் காட்டுவார்கள், குங்குமம் வைப்பார்கள். தடுக்க நினைக்காதீர்கள். எண்ணெய் கருங்கல்லில் ஊறினால் கறை போகாது, கற்பூரக் கரி எழுத்துக் குழியில் அடையும். எனவே கல்லுக்கு முன்னால் இரண்டடி தள்ளி ஒரு தனி மேடையும் விளக்குத் தட்டும் முதல் வரைபடத்திலேயே இருக்கட்டும். பிறகு சேர்க்க மறுபடியும் அனுமதிக்கு அலைய வேண்டும்.

தண்ணீர், மென்மையான பிரஷ், அவ்வளவுதான். அமிலம், கம்பி பிரஷ், அழுத்தமாகப் பீய்ச்சும் குழாய் எதுவும் கூடாது. சேர்ந்த நிதியில் ஐந்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று எடுத்து வையுங்கள். புல் வெட்டுவது யார், வேலி சரி செய்வது யார் என்பதை நில உரிமையாளரோடு எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பெயர் அட்டவணை, சான்று நகல்கள், அனுமதிக் கடிதங்கள், எழுத்துக் கோப்பு ஆகியவற்றை மூன்று பிரதிகளாக்கி, ஒன்றைக் குழுவிடமும் ஒன்றை நில உரிமையாளரிடமும் ஒன்றை ஓர் ஆவணக் காப்பகத்திலும் வையுங்கள். காத்திருப்புப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புதிதாகச் சான்று கிடைத்த பெயர்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரே விண்ணப்பமாக அமாஃபாவுக்கு அனுப்புங்கள்.